பழைய கோடரியின் முத்திரை

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காடழித்துத் தேயிலையும் இறப்பரும் நாட்டிய நம் மூதாதையரின் கரங்களில் உழைத்து, இன்று லயத்து மூலையில் துருவேறிக் கிடக்கும் கோடரியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுமுன், அதன் பக்கவாட்டில் வெண்கட்டியை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். 1817இல் இங்கிலாந்தின் வெட்னஸ்பரியில் தோன்றிய எல்வெல் பட்டறையின் பெயரோ, இறாத்தல் எடையைக் குறிக்கும் இலக்கமோ, பிரித்தானிய அரசாங்க உடைமைக்கு அடையாளமான அம்புக்குறியோ புலப்படுமாயின், அது சேகரிப்போர் நாடும் வஸ்துவாகும். வெட்டுவாய் அதிகம் தேயாமலும், பின்புறம் சம்மட்டியடியால் சிதையாமலும் இருப்பின் மதிப்பு உயரும். அரத்தால் ராவிப் பளபளப்பாக்கினாலோ முத்திரையோடு மதிப்பும் அழியும். துருவை எண்ணெய்த் துணியால் துடைப்பதே உத்தமம். முன்னோர் சிந்திய வியர்வைக்கு இத்தகைய ஆயுதங்களே சாட்சியாதலால், விற்க நேரினும், எந்தத் தோட்டத்தில் எவர் கையாண்டது என்பதை எழுதிக் கொடுத்து விற்பதே தர்மம்.