சர்வர் திணறிய இரவு

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை இரவு மணி பதினொன்று. சம்பளக் கணக்கைப் போடும் எங்கள் அலுவலக சர்வர் திணறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கி அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, பாதியைக்கூடத் தாண்டவில்லை. விடிவதற்குள் கோப்பு வங்கிக்குப் போகாவிட்டால், பண்டிகைக்கு முன் யார் கையிலும் சம்பளம் இருக்காது.

(சர்வர் என்றால் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர் என்றுதான் என் அம்மா இன்றும் நினைக்கிறார். நான் சொல்வது யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸில் ஓடும் கணினி.)

'அப்டைம்' என்ற கட்டளையைத் தட்டினேன். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமையை அது மூன்று எண்களாகக் காட்டும். திரையில் 31, 30, 28. எங்கள் கணினியில் இருப்பதோ எட்டு கோர் பிராசசர். சுமை எட்டைத் தாண்டினாலே வரிசை நீள்கிறது என்று பொருள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. புதிய பிராசசர் கேட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு, குழுவில் சேர்ந்து நான்கே மாதமான இளம் நிரலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "உன்னோட புது புரோகிராம்தான்மா எல்லாத்தையும் விழுங்குது" என்றேன். மேலாளரும் அந்த அழைப்பில் இருந்தார்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அண்ணா, 'டாப்' பார்த்தீங்களா? பிராசசர் சும்மாதானே இருக்கு?" என்றார்.

பார்த்தேன். நிரல்களுக்காக பிராசசர் உழைத்தது வெறும் 9 விழுக்காடு. 'டபிள்யூ ஏ' என்ற இடத்தில் 78. அதாவது, ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வரட்டும் என்று பிராசசர் கைகட்டிக் காத்திருந்த நேரம் அது.

மாமாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைகள் நிரம்பி வழிகின்றன. ரொட்டி சானாய் போடுபவரோ சும்மா நிற்கிறார். பின்னறையிலிருந்து மாவு கொண்டுவர ஒரே ஓர் ஆள்தான். இந்த நிலையில் ரொட்டி போட இன்னும் நான்கு பேரைச் சேர்த்து என்ன பயன்? லினக்ஸ் 1993 முதல், கல்லுக்காகக் காத்திருப்பவரையும் மாவுக்காகக் காத்திருப்பவரையும் ஒன்றாகவே எண்ணிச் சுமை என்று காட்டுகிறது. சுமை என்றாலே பிராசசர்தான் என்று முடிவுகட்டியது என் அவசரம்.

அடுத்தது 'விஎம்ஸ்டாட்'. இதன் முதல் வரி, கணினியை இயக்கிய நாளிலிருந்து கணக்கிட்ட சராசரி. அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். இரண்டாவது வரியிலிருந்துதான் இன்றைய நிலவரம். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் சுழியம். ஆக, நினைவகத்தில் பஞ்சமில்லை. 'பி' என்ற பத்தியில் மட்டும் இருபதுக்கு மேல். அத்தனையும் டிஸ்க்குக்காக முடங்கிக் கிடந்தவை. 'ஐஓஸ்டாட்' அதை உறுதிசெய்தது. வழக்கமாகப் பத்து மில்லிவினாடிக்குள் முடியும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 240 மில்லிவினாடி ஆனது.

சுழலும் டிஸ்க் எளிதில் தடுமாறும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் கிரெக், 2008இல் டிஸ்க்குகளின் முன் நின்று உரக்கக் கத்தி, அந்த அதிர்விலேயே அவை மெதுவாவதைக் காணொளியில் காட்டினார். எங்கள் சர்வர் அருகே யாரும் கத்தவில்லை. கத்தியதெல்லாம் தொலைபேசியில்தான்.

அப்படியானால் டிஸ்க்கை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? 'ஐஓடாப்' முதல் வரியிலேயே காட்டியது: பேக்கப். அதிகாலை மூன்று மணிக்கு ஓட வேண்டிய வேலை. அதை இரவு ஒன்பதுக்கு மாற்றியது யார் என்று பார்த்தேன். நான்தான். தூங்கப் போகுமுன் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம் என இரண்டு வாரத்துக்கு முன் மாற்றியிருந்தேன். சம்பளக் கணக்கு மாதம் ஒருமுறைதான் என்பதால் அன்றுவரை இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

பேக்கப்பை நிறுத்தினேன். சில நிமிடங்களில் சுமை நான்குக்கு இறங்கியது. பன்னிரண்டு மணிக்குள் கோப்பு தயார்.

மேலாளரையும் அவரையும் மீண்டும் ஒரே அழைப்பில் சேர்த்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். பிராசசர் கேட்ட மின்னஞ்சலையும் விட்டுவிடச் சொன்னேன். மேலாளர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"பரவாயில்லண்ணா. பேக்கப்பை மறுபடி மூணு மணிக்கு மாத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் மாற்றியிருக்கவில்லை.