பழைய காரும் பதிவுப் புத்தகமும்

சென்ற தை மாதத்தில் சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டு, நூல் இருப்புப் புத்தகத்தில் கையொப்பமிட்டு எழுந்த சமயம், வாசலில் காத்திருந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். போர்வை நெய்பவர், வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். நிலுவையிலுள்ள கடன் மனுவைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று எண்ணினேன். அவரோ, "ஏனுங்க சார், பழைய காரு ஒண்ணு வெலைக்கு வருதுங்க. ரெண்டே கால் லட்சம் சொல்றாங்க. வாங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

அவருடைய தாயாரை மாதம் நான்கு முறை பெருந்துறைக்கு மருத்துவத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அம்மையாரால் பஸ் படியேற இயலாது. வாடகைக் காருக்கு ஒரு தடவைக்கு 800 ரூபாய் ஆகிறதாம்.

ஒரு சொல்லில் அவருக்கு விடை கூறும் தைரியம் எனக்கு வரவில்லை. பிறர் எழுதிய கணக்கில் பிழை காண்பதையே தொழிலாகக் கொண்ட நான், 2021-ஆம் ஆண்டில் பழைய கார் ஒன்றை வாங்கி நன்றாக இடறி விழுந்தவன். அந்த விவரத்தை மறைக்காமல் எழுதினால் இதே யோசனையிலுள்ள வேறு சில அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்று தோன்றிற்று.

முதலில் காரைப் பற்றிச் சிறிது. பின்புறக் கதவு மேல்நோக்கித் திறந்து, பின் இருக்கையை மடக்கினால் சாமான் வைக்கவும் இடங்கொடுக்கும் சிறு காரை ஹாட்ச்பேக் என்கிறார்கள். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தை மோட்டாரில் ஏற்றி வைத்தது இந்த வகைதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதன் விலை 50,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோவும், அவ்வாண்டின் இறுதியில் டாடா இண்டிகாவும் வந்தன. 1999-இல் வாகன் ஆர், 2000-இல் ஆல்டோ, 2005-இல் ஸ்விஃப்ட் எனத் தொடர்ந்தன. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்று விட்டது. ஆயினும் அவ்வண்டி இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவ்வகை வண்டிகளே இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி நமது ஊர்களுக்கு வந்து சேருகின்றன.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ளவேண்டும். 1,200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் உடைய புதிய பெட்ரோல் கார்களுக்குரிய சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்குவதே நியாயம். பழைய விலைப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசும் தரகரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

வண்டியைப் பார்க்க அதிகாலையில் செல்லுதல் உத்தமம். முன் தினம் இரவு முதல் நின்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் உண்மைக் குணம் தெரியும். நாம் போய்ச் சேருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பி விடுவது நலம். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது என்று பொருள். வெண்புகை சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் பாதகமில்லை; நிற்காமல் வந்துகொண்டிருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் உட்புறம் மோர் படிந்தாற்போல் வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

உடற்கூட்டைப் பார்ப்பதில் நெசவாளருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து இழை அறுந்த இடத்தைக் காண்பவர்கள் அவர்கள். அதே கண்ணோடு, காலை வெயிலில் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து நீள நோக்கினால், பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த இடத்தில் வெளிச்சம் அலைந்து காட்டும். கதவுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருப்பின், வண்டி அடிபட்டு டிங்கரிடம் போய் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மீட்டரில் காணும் கிலோமீட்டரை அப்படியே நம்புவதற்கில்லை. அதைப் பின்னுக்குத் தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 40,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை விட்டு ரப்பரை நம்புவதே முறை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. பட்டை ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

சென்னைப் பதிவு கொண்ட வண்டியானால் இன்னும் ஒரு சோதனை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்நகரில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. ஆகவே சீட் பெல்ட்டை முடிந்தமட்டும் இழுத்துக் கறையிருக்கிறதா என்றும், தரை விரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்றும், இருக்கை நகரும் இரும்புத் தடம் துருவேறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே எவ்வளவு மெருகு ஏற்றினாலும் இவ்விடங்களைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

குடும்பத்தை ஏற்றப் போகிற வண்டி என்பதால் பாதுகாப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் விற்ற புதிய கார்களில் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய சிறு கார்களின் குறைந்த விலை ரகங்கள் பலவற்றில் அது கிடையாது. இரண்டு வண்டிகளுக்குள் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால், ஏர்பேக் உள்ளதையே எடுக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

இவையெல்லாவற்றையும் ஒரு நல்ல மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். நான் வாங்கிய வண்டி 2014-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. விலை 2,35,000 ரூபாய். எஞ்சினில் குறையில்லை என்று மெக்கானிக் சொன்னார். அது இன்றுவரை உண்மையாகவே இருக்கிறது. நான் சறுக்கியது ஆர்.சி. புத்தகத்தில்.

அதில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் ஈட்டுரிமையாளராகப் பதிவாகியிருந்தது. விற்றவர், கடன் தீர்ந்துவிட்டது என்பதற்கு ஒரு கடிதத்தைக் காட்டி, "ஹெச்.பி. கேன்சல் ஒரு வாரத்துல ஆயிடுமுங்க" என்றார். மறுநாள் என் தந்தையாரைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் முழுத் தொகையையும் கொடுத்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன். பற்றுச்சீட்டு ஒன்று குறைந்தால் சங்கச் செயலாளரிடம் மூன்று முறை விளக்கம் கேட்கும் நான், இங்கே வாய்மொழியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஈட்டை நீக்குவதற்கு நிதி நிறுவனம் கையொப்பமிட்ட 35-ஆம் படிவம் வேண்டும். அதற்குரிய தடையின்மைச் சான்று காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்க விற்றவரே நேரில் போக வேண்டும். அவரோ வேலையாக வெளி மாநிலம் சென்றுவிட்டார். பெயர் மாற்றம் ஐந்து மாதம் தடைப்பட்டது. அதற்குள் ஓர் இரவு, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்குகையில் மதகுக் கட்டையில் மோதி முன்புறம் நசுங்கிற்று. இன்ஷூரன்ஸ் விற்றவர் பெயரிலேயே இருந்தபடியால் பழுதுக்கான தொகை கிடைக்கவில்லை. 18,400 ரூபாய் என் கைப்பணத்திலிருந்து போயிற்று.

இதில் சட்டம் சொல்வதை அறிந்திருந்தால் நான் அவ்வளவு அலட்சியமாக இருந்திருக்க மாட்டேன். வண்டி கைமாறும்போது, பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு மட்டுமே வாங்கியவருக்கு மாறியதாக 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு கொள்கிறது. அதைக்கூட 14 நாட்களுக்குள் எழுதிக் கேட்டுப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு தானாக வந்து சேராது. விற்றவர் பல ஆண்டு கோரிக்கையின்றி இருந்து பெற்ற பிரீமியச் சலுகையும் அவரோடேயே போய்விடும்; வண்டியோடு வராது.

வாங்குபவனின் சங்கடம் இது. விற்பவனின் சங்கடம் இதைவிடப் பெரிது என்பதை, மஞ்சள் சாகுபடி செய்யும் அன்பர் ஒருவர் மூலம் அறிந்தேன். அவர் தம் பழைய காரைத் தரகரிடம் கொடுத்து, 29, 30-ஆம் படிவங்களில் வாங்குபவர் பெயரை எழுதாமலே கையொப்பமிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து, தாம் கண்டிராத ஊரில் நடந்த விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. வண்டி இரண்டு கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் அவர் பெயரே நின்றது. இன்ஷூரன்ஸும் காலாவதி. "வித்த மாட்டுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" என்று அவர் கேட்டார். மாட்டுக்குப் பதிவேடு இல்லை, காருக்கு இருக்கிறது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே நஷ்டஈட்டுக்குரிய உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. நம் அன்பரின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நிலத்தில் ஒரு பகுதியை விற்க நேருமோ என்று அவர் மனைவியார் அஞ்சுகிறார்.

விற்றவர், ஒரே மாநிலத்துக்குள் விற்பனையானால், 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இந்த நாட்களைக் கூட நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பெயர் எழுதாத படிவத்தில் கையொப்பமிடுவது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிடுவதற்குச் சமானம். வண்டியை ஒப்படைக்கும் நாளும் மணியும் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ரசீதும் அவசியம். ஒப்படைத்த அன்று மாலையே அபராதமோ விபத்தோ நேரலாமல்லவா? புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்குவோர், தடையின்மைச் சான்றுக்கான 28-ஆம் படிவத்தையும், தமிழ்நாட்டில் மீண்டும் செலுத்த வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். 15 ஆண்டை நெருங்கிய வண்டியானால் மறுபதிவுக் கட்டணம், பசுமை வரி இரண்டும் காத்திருக்கின்றன.

இனி நெசவாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்று சங்கத் திண்ணையிலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டோம். இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 7,000, சர்வீஸும் டயருக்கு ஒதுக்குவதும் 12,000, தேய்மானம் 25,000, 2,25,000-க்குப் பத்து சதவிகித வட்டி 22,500. பழைய காருக்கு வட்டி பொதுவாகப் புதியதைவிட அதிகமாகவே இருக்கும். ஆக, பெட்ரோல் ஊற்றுமுன்பே 66,500. பெருந்துறை போய்வர ஆண்டு முழுவதற்கும் பெட்ரோல் சுமார் 9,000. மொத்தம் 75,500. வாடகைக் காருக்கு அவர் கொடுப்பது 38,400 மட்டுமே. தாளைப் பார்த்துவிட்டு அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

பிறகு, "போன ஐப்பசியில ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டுச்சுங்க. மூணு பேருக்குப் போன் போட்டும் வண்டி வரல. நூத்தியெட்டு வர முக்கா மணி நேரமாச்சு. அதுக்கு எத்தனை ரூவா போடுவீங்க?" என்றார்.

அந்த இனத்துக்கு என் தாளில் பத்தி இல்லை. தறிக்கென்று வாங்கும் கடனிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது, கையிருப்பில் பாதியாவது இருந்தால்தான் வாங்க வேண்டும், பேசுகிற விலை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற மூன்றை மட்டும் வற்புறுத்தினேன். ஒப்புக்கொண்டார்.

அவருக்கு வந்த அந்த வண்டியின் ஆர்.சி.யிலும் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. "பேரை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பணம் எண்ணலாம்" என்று சொல்லிவிட்டாராம். விற்பவர் ஆறு வாரம் இழுத்தடித்து, கேள்வி கேட்காத வேறொருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார். இப்போது காங்கயத்தில் ஒரே உரிமையாளரிடம் இருந்த 2017-ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருப்பதாகத் தகவல். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எஞ்சின் சூடாகுமுன் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. மெக்கானிக்கை அவர் அழைத்து வருகிறார். புத்தகத்தை நான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.