பழம் பந்தய வண்டியின் கோலம்

தில்லி கரோல் பாகிலும் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் மோட்டார் உதிரிப் பொருள் விற்கும் கடைவீதிகள் உண்டு. வேலை நிமித்தம் அந்நகரங்களில் குடியேறிய நம் இளைஞர் சிலர் அங்கே தேடுவன மூன்று பொருள்கள்: நீண்டு ஒடுங்கிய பெட்ரோல் டாங்கி, முட்டை ஓட்டின் பாதிபோல் வளைந்த முகப்புக் கூடு, ஒருவர் மட்டும் அமரத்தக்க, பின்புறம் திமில்போல் உயர்ந்த இருக்கை. அன்றாடம் அலுவலகம் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு இவற்றைப் பூட்டி, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பந்தய வண்டியின் கோலத்தைத் தருவது அவர்கள் விருப்பம். இக்கோலத்தைக் 'கஃபே ரேசர்' என்பர். இது எவ்வாறு பிறந்தது, இதன் உறுப்புகள் என்ன வேலை செய்கின்றன, நம் நாட்டுச் சாலையில் இதை மேற்கொண்டால் என்ன விளையும் என்பவற்றை ஆராய்வோம்.

கஃபே என்பது சிற்றுண்டிச் சாலை. லண்டனின் வட வட்டச் சாலையோரத்தில் 1938-இல் தொடங்கப்பெற்ற 'ஏஸ் கஃபே' என்னும் உணவகம், 1950-களிலும் 1960-களிலும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடும் இடமாயிற்று. 1969-இல் மூடப்பட்ட அது 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உண்மையான பந்தய வண்டியை வாங்கும் வசதி அவ்விளைஞர்களிற் பலருக்கு இல்லை. ஆகவே, 'ஐல் ஆப் மேன்' தீவுப் பந்தயத்தில் ஓடிய வண்டிகளைப் பார்த்து, தம் சாதாரண வண்டிகளைத் தாமே திருத்திக்கொண்டனர். வேண்டாத பாரத்தைக் கழற்றினர், ஹேண்டில்பாரைத் தாழ்த்தினர், கால்மிதியைப் பின்னே தள்ளினர். மணிக்கு 100 மைல், அதாவது ஏறக்குறைய 160 கிலோமீட்டர், என்னும் வேகத்தை எட்டுவதே அவர்கள் குறிக்கோள். நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் டிரையம்ப் வண்டியின் எஞ்சினைப் பொருத்தி, 'டிரைட்டன்' என்று பெயரிட்டதும் அவர்கள் கைவேலையே.

இந்த ஆர்வத்தைக் கண்ட ஆங்கில ராயல் என்பீல்டு நிறுவனம், 250 சி.சி. திறனுள்ள 'கான்டினென்டல் ஜி.டி.' என்னும் வண்டியைத் தானே அக்கோலத்தில் 1960-களின் நடுவில் செய்து விற்றது. அப்பெயர் பின்னர்த் தமிழகத்தில் மறுபிறவி எடுத்தது. 1955-இல் சென்னையில் கால்கொண்டு, திருவொற்றியூரில் வளர்ந்த என்பீல்டு தொழிலின் வழிவந்த நிறுவனம், 2013-இல் 535 சி.சி. வண்டியையும், 2018-இல் 650 சி.சி. வண்டியையும் அதே பெயரில் வெளியிட்டது.

இனி உறுப்புகளைப் பார்ப்போம். முகப்புக் கூட்டுக்கு ஆங்கிலப் பெயர் 'ஃபேரிங்'. அதன் வேலை காற்றை வழிவிலக்கி அனுப்புவது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வெதிர்ப்பை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். ஆகவே பந்தயத்தில் கூடு பெரும்பயன் தருகிறது. நகர நெரிசலில் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதனால் கிட்டும் பயன் மிகச் சிறிது. நெடுஞ்சாலையில் மார்பைத் தாக்கும் காற்றைத் தணித்து, களைப்பைக் குறைப்பதே நமக்கு அது செய்யக்கூடிய உதவி.

கூடு பெரிதாயிருந்தால் நன்மையும் பெரிதாகும் என்று எண்ணலாகாது. இத்தாலியின் மோட்டோ குச்சி நிறுவனம் 1950-களில் காற்றுச் சுரங்கம் கட்டி ஆராய்ந்து, முன்சக்கரத்தையே மூடிய முழுக்கூடுகளைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. வேகம் கூடியது; ஆனால் பக்கக் காற்று அடித்தபோது அக்கூடு பாய்மரம்போல் வண்டியைத் தள்ளிற்று. சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் 1958 முதல் அத்தகைய கூடுகளைத் தடை செய்து, முன்சக்கரம் வெளியே தெரிய வேண்டும் என்று விதித்தது. இன்று 'பழம்பாணி' என்று நாம் போற்றும் அரைக்கூடுகளும், சக்கரத்தை விட்டு விலகிய கூடுகளும் அத்தடைக்குப் பின்னும் நிலைத்து நின்றவை.

கூடு பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. கூட்டின் தாங்கிகள் வண்டியின் சட்டத்தில் உறுதியாக நிற்க வேண்டும்; ஹேண்டில்பாரோடு திரும்பும் பெரிய கூடு, காற்றின் தள்ளுதலை நேரே ஓட்டுபவரின் கைக்குக் கொண்டுவரும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்போது விரல் கூட்டிலோ டாங்கியிலோ நசுங்கலாகாது, பிரேக் குழாயும் கிளட்ச் கேபிளும் இழுபடலாகாது. காற்றினால் குளிரும் எஞ்சினின் மேல் படும் காற்றைக் கூடு மறைத்தால், கோடைக்காலத்துத் தில்லியிலும் நாகபுரியிலும் எஞ்சின் மிகையாகச் சூடேறும்.

டாங்கியின் நீள வடிவத்துக்கும் காரணம் உண்டு. ஓட்டுபவர் அதன் மேல் மார்பு படக் குனிந்து, பக்கத்துப் பள்ளங்களில் முழங்காலைப் பதித்து, உடலால் வண்டியைப் பற்றிக்கொள்கிறார். டாங்கி நீண்டால் கை எட்ட வேண்டிய தொலைவும் நீளும், முதுகு வளையும், உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். அரைமணி நேரப் பந்தயத்துக்கு ஏற்ற இந்த நிலை, நாள்தோறும் இருவேளை அலுவலகப் பயணத்துக்கு ஏற்றதன்று.

டாங்கி எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். அக்காலப் பந்தய வண்டிகளுக்கு அலுமினியத்திலும், 'பைபர் கிளாஸ்' எனப்படும் கண்ணாடியிழைப் பிசினிலும் டாங்கி செய்தனர். இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் பழைய வகைப் பிசினை இளக்கும். இளகிய பிசின் எரிபொருளோடு கலந்து எஞ்சினுக்குள் சென்று ஒட்டும். நாளடைவில் டாங்கியே கசியும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சினின் மேல் விழுந்தால் நேர்வதைச் சொல்லவும் வேண்டுமோ? எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், உட்பூச்சில்லாத இரும்பு டாங்கி துருவேறும். அலுமினிய டாங்கி துருவேறாது. ஆயினும் ரப்பர் மெத்தையின்றி இறுக்கிப் பூட்டினால் எஞ்சினின் அதிர்வால் பற்றவைப்பு விளிம்பில் விரிசல் விடும். மேலும், இக்கால வண்டிகளில் பெட்ரோல் பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கும். அத்தகைய வண்டிக்குப் பம்புக்கு இடமில்லாத பழம்பாணி டாங்கி பொருந்தாது.

இவை பொறியியல் கூறுவன. சட்டம் கூறுவதையும் கேட்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. சான்றிதழில் நிறமும், எடையும், எத்தனை பேர் அமரலாம் என்பதும் எழுதப்பட்டுள்ளன. இருவர் அமரும் வண்டிக்கு ஒற்றை இருக்கை பூட்டுவது அவ்விவரத்துக்கு முரணாகும். பின்னிருப்பவர் பற்றும் கைப்பிடியும், புடவை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பும் விதிப்படி இருந்தாக வேண்டும். கோலத்துக்காக அவற்றைக் கழற்றுவது வீட்டாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை ஒன்றுண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். பழைய அலுவலகத்தின் ஆட்சேபமின்மைச் சான்றிதழும் வேண்டும். 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவு பெற்றவர்க்கு மட்டும் இத்தொல்லை இல்லை. மறுபதிவின்போது வண்டியைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். வடிவம் மாறிய வண்டி அங்கே தடைபட்டு நிற்கும். ஊர் திரும்பும் நாளிலும் அவ்வாறே நிற்கும். அறிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் இடமுண்டு.

அவ்வாறாயின் ஆசையைத் துறந்துவிட வேண்டுமோ? வேண்டியதில்லை. அக்கோலத்திலேயே தொழிற்சாலையில் செய்து பதிவான வண்டியை வாங்குவது முதல் வழி. கையிலுள்ள வண்டியே போதும் என்போர், உற்பத்தியாளரே அவ்வண்டிக்கென விற்கும் துணைப் பொருள்களை நாடலாம். வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும், காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தை அறுப்பது, டாங்கியை மாற்றுவது ஆகிய இரண்டையும் தவிர்ப்பது நலம். கழற்றிய எந்தப் பொருளையும் விற்காமல் வைத்திருப்பது அதனினும் நலம். முழுப் பந்தயக் கோலமே வேண்டுவோர்க்குப் பந்தயத் திடல் இருக்கிறது. 2021-இல் கோவை கரி மோட்டார் பந்தயத் திடலில் தொடங்கிய கான்டினென்டல் ஜி.டி. கோப்பைப் போட்டியில், பழம்பாணி முகப்புக் கூடு அணிந்த வண்டிகளே ஓடின.

லண்டன் இளைஞர்கள் தம் வண்டியில் தேவையற்றதைக் களைந்து, தேவையானதை வைத்துக்கொண்டனர். நம் சாலைக்கும், நம் குடும்பத்துக்கும், நம் சான்றிதழுக்கும் தேவையானது எது என்று பார்த்து நாமும் அவ்வாறே செய்வோமாக.