பாட்டன் பெயரும் பூர்வீக ஊரும்



சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸ் என்றோர் இடம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் ஜொகூரையும் துவாஸையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு, நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலருக்கு அது பழக்கமான இடமாகிவிட்டது. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். முன்பு அது மீனவர் கிராமம். தென்னை ஓலைகளைக் கடலில் இட்டு, அவற்றின் நிழலுக்கு மீன்கள் கூடியதும் வலையைத் தூக்கிப் பிடிப்பார்களாம். மலாய்மொழியில் இம்முறைக்கு 'மெனுவாஸ்' என்று பெயர். அதிலிருந்தே துவாஸ் என்னும் ஊர்ப்பெயர் வந்ததென்பர். இன்று அங்கே தொழிற்சாலைகள்தாம். தொழில் மாறியும் ஊருக்குப் பழைய பெயரே நிற்கிறது.

அங்கு வேலைக்குச் சேர்ந்த நம் தோட்டத்துப் பையன் ஒருவன், விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு திகைத்து, அப்பா பெயரை எழுதிவிட்டான். அன்று முதல் தொழிற்சாலையில் எல்லாரும் அவனை அப்பா பெயராலேயே கூப்பிட்டார்கள். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "யாரோ அப்பாவைத் தேடி வந்த மாதிரி இருக்குங்கய்யா" என்றான். பிறகு, "நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதுங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்பதுதான் பதில். ஐரோப்பாவிலே போலந்து நாட்டாருக்கு அது உண்டு. 'கோவால்' என்றால் அவர்கள் மொழியில் கொல்லன்; 'கோவால்ஸ்கி' என்னும் குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்களும் அவர்களிடம் ஏராளம். அமெரிக்காவில் குடியேறிய போலந்துக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டே நாலைந்து தலைமுறை பின்னால் போய்விடலாம். ஆயினும் அவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடே தனியாக இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. எனவே பாட்டனாரின் பழைய தாளில் பிறந்த நாடு 'ரஷ்யா' என்றிருக்கும்; பேரன் ரஷ்யாவில் போய்த் தேடுவான்!

நமக்கும் இதே கதைதான். பழைய தாள்களில் பாட்டனார் பிறந்த இடம் 'மெட்ராஸ்' என்றிருந்தால், அது மெட்ராஸ் பட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்நாளைய மெட்ராஸ் மாகாணம் தெற்கே திருநெல்வேலி வரை பரந்து கிடந்தது. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள்.

நம் பெயர் அமைப்பைப் பாருங்கள். கருப்பையா மகன் முத்துசாமி. முத்துசாமி மகன் இன்னொருவர். மலேசியக் கார்டில் நடுவே 'அனாக் லெலாக்கி' என்று போடுவார்கள். சிங்கப்பூரில் 'சன் ஆஃப்' என்பார்கள். இரண்டுக்கும் பொருள் 'மகன்' என்பதே. பேரன் காலத்தில் கருப்பையா பெயர் தாளிலிருந்து மறைந்துபோகும். ஆனால் நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்', அதாவது பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதுதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். ஆகவே உங்கள் தாத்தா வீட்டுக்கு மூத்த பிள்ளையானால், அவருடைய பெயரே அவருடைய பாட்டனார் பெயராகவும் இருக்கக்கூடும். வீட்டில் கூப்பிடும் பெயர் எது, பத்திரத்தில் உள்ள பெயர் எது என்று விசாரியுங்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று மருமகள்மார் பிள்ளையை வேறு பெயரால் அழைத்த வீடுகள் அநேகம்.

சாமி பெயரும் ஊரைக் காட்டும். சுடலைமுத்து, இசக்கிமுத்து என்றால் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமை. இது துப்பு மட்டுமே, சாட்சியமாகாது. அதைவிடக் குலதெய்வத்தின் பெயரைக் கேட்பது மேல். ஊர்ப் பெயரை மறந்த பாட்டிகூட, கிடாவெட்டு நடந்த கோயிலைச் சொல்லிவிடுவாள்.

அடுத்தது கங்காணி. 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும்வரை, லைசென்ஸ் பெற்ற கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். புறப்படுகிறவருக்குக் கிராம முன்சீப் கையெழுத்துப் போடவேண்டும், பிறகு நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம், அதன்பின் கப்பல். ஆதலால் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், எந்தக் கங்காணியோடு வந்தார் என்று தெரிந்தால் போதும். அந்தக் கங்காணி வீட்டாரின் ஊரை விசாரித்தால் பாதி வழி வந்தாயிற்று. "தீவுல இறக்கி வச்சிருந்தாங்க" என்று பாட்டி சொன்னால், எந்தத் தீவென்று கேளுங்கள். செயின்ட் ஜான்ஸ் தீவானால் சிங்கப்பூர் வழி வந்தவர்கள். ஜெரெஜாக் தீவானால் பினாங்கு வழி.

டிரங்குப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, இவற்றில் ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் இருக்கும். 'தென்னாற்காடு ஜில்லா' என்றிருந்தால் இன்றைய படத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் தேடவேண்டும். 1993-இலும் 2019-இலும் பிரித்துவிட்டார்கள். கிராம முன்சீப் வேலையும் 1980-இல் ஒழிக்கப்பட்டது. இப்போது கேட்கவேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். ஆனால் நிலமில்லாமல் கப்பலேறியவர்கள் நம்மில் அதிகம். பட்டாவில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை.

கிராணிமார் எழுதிய எழுத்துக்கூட்டும் ஏமாற்றும். ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கு அப்பா பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். இது சிறு விஷயமன்று. சிவப்பு அடையாளக் கார்டோடு குடியுரிமைக்கு அலைகிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவது, இந்தத் தாளில் உள்ளவரும் அந்தத் தாளில் உள்ளவரும் ஒருவர்தானா என்பதே.

சில பழைய தாள்களில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் இருக்கும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். இங்கும் பலர் பட்டத்தை நீக்கினார்கள். தேடும்போது அது கண்ணில் பட்டால் துப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரில் மறுபடி ஒட்டவைக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

துவாஸ் பையன் பாட்டியிடம் கேட்டான். பாட்டிக்கு ஊர் நினைவில்லை. கங்காணி பெயரை மட்டும் சொன்னாள். கங்காணியின் பேரன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். அவர் வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றில் முசிறித் தாலுகா என்றிருந்தது. பையன் அதைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு, கீழே பூட்டன், பாட்டன், அப்பா, தன் பெயர் என வரிசையாக எழுதினான். பூட்டன் பெயரும் அவனுடைய அப்பா பெயரும் ஒன்றாகவே இருந்தன.