பழைய காருக்குப் புதிய நிறம்

நெடுநாள் உழைத்த வீட்டுக் காருக்குப் புதிய நிறம் கொடுக்கவேண்டுமென்ற ஆசை பலருக்கு உண்டு. கராஜில் கேட்கும் கூலியை எண்ணி, அவ்வேலையைத் தாமே செய்ய முனைவோரும் உளர். அவர்கள் முதலில் அறியவேண்டியது ஒன்று: தீந்தை பூசுவது ஒரு நாள் வேலை, அதற்காகக் காரை ஆயத்தஞ் செய்வதோ பல வாரங்களின் வேலை. பூச்சு நிலைப்பதும் உரிந்து விழுவதும் அந்த ஆயத்தத்திலேயே தங்கியிருக்கின்றன.

நம் நாட்டுத் தெருக்களில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய கார் இது. பத்து இலட்சம் கார்கள் செய்யப்பட்டதைக் கொண்டாட, 1961இல் சுமார் 350 கார்களை இளம் ஊதா நிறத்தில் விற்றார்கள். கதவோரத்தைச் சிறிது சுரண்டினால் காரின் பிறவி நிறம் தெரியும். அத்தகைய அரிய நிறமாயின் மாற்றாதிருப்பதே மேல். மாற்றுவதாயின், பதிவுப் பத்திரத்தில் நிறமும் எழுதப்பட்டிருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

கறளை மறைக்கலாகாது

இந்தக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுகளின் கீழுள்ள பகுதியையும், பின்பக்க வில்கள் பொருந்தும் இடங்களையும் திருப்புளியின் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால், உக்கிய தகட்டை வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டுவிக்க வேண்டும். புட்டியால் அடைத்து மேலே தீந்தை பூசினால் கண்ணுக்கு அழகாயிருக்கும். விபத்து நேரும்போது உள்ளிருப்பவர்களைக் காவாது.

கழுவுதலும் தேய்த்தலும்

பம்பர், விளக்குகள், கைபிடிகள் முதலியவற்றைக் கழற்றி, திருகாணிகளைப் பெயரெழுதிய தகரப் பேணிகளில் இடுக. தேய்க்கத் தொடங்குமுன் சவர்க்கார நீரால் கழுவி, மெழுகையும் எண்ணெயையும் அதற்குரிய திரவத்தால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவாது தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துவிடும்; பின்னர் புதிய பூச்சிலே சிறு சிறு குழிகள் தோன்றும்.

பழைய பூச்சு எவ்வகையென்றும் அறிதல் நன்று. தின்னர் தோய்த்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது செலுலோசு வகை. கரையாவிட்டால் எனாமலாக இருக்கலாம். எனாமலின்மேல் செலுலோசை நேரே பூசினால் பழைய பூச்சு சுருங்கிக் கிளம்பும்.

அக்காலத் தீந்தைகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அதன் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கவல்லது. ஆதலால் பழைய பூச்சை நீர் விட்டே தேய்த்து, சேற்றைத் திரட்டி அப்புறப்படுத்துக. தகுந்த முகமூடி அணிக. பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், அவர்களைத் தூக்குமுன் குளித்து உடை மாற்றுக. புட்டியை மட்டும் நனைக்கலாகாது. அது நீரை உறிஞ்சும். புட்டியை 80ஆம் இலக்க அரத்தாளால் உருப்படுத்தி, 180, 320 எனப் படிப்படியாக மென்மையாக்குக.

நிறம் மாற்றுவோர்க்கு

அதே நிறத்தைப் பூசுவோர்க்கு இல்லாத வேலையொன்று இவர்களுக்கு உண்டு. கதவோரங்கள், பொனற்றின் உட்புறம், டிக்கியின் விளிம்பு ஆகியவற்றையும் தேய்த்தாக வேண்டும். இல்லையேல் கதவைத் திறக்குந்தோறும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

வெறுந்தகடு தெரிந்த இடத்தில் அன்றைக்கே அடிப்பூச்சு இடுக. நம் கடற்காற்றில் கறள் ஓரிரவிலே தோன்றும். அடிப்பூச்சும் நீர் புகவிடும் தன்மையது. அதனோடு காரை மழையில் விடலாகாது. ஈரமான நாளில் செலுலோசு தெளித்தால் பூச்சு வெண்மை படரும். இறுக்கி கலந்து தெளிக்கும் தீந்தைகளை வீட்டில் தொடவே வேண்டாம். அவற்றிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கும். சாதாரண முகமூடி அதைத் தடாது.

இவ்வளவும் பொறுமையாகச் செய்தவர், இறுதித் தெளிப்பை மட்டும் தேர்ந்த தொழிலாளரிடம் விட்டாலும் குறைவில்லை. கூலியில் பெரும்பங்கு ஆயத்தத்துக்கே செல்வதால், அப்பணம் அவர் கையிலேயே மிஞ்சும்.