பனிக்கு அடியில் என்ன இருக்கிறது?



தண்ணீர் வற்றிய கிணற்றுக்குள் "ஓ..." என்று குரல் கொடுத்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்தில் அதே குரல் திரும்பி வரும். அதுதான் எதிரொலி. குரல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால், கிணற்றின் ஆழத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

ரேடார் செய்வதும் இதே வேலைதான். குரலுக்குப் பதில் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. நம் தாம்பரத்துக்கு அருகே, பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ஒரு வானிலை ரேடார் இருக்கிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளை வைத்து, மழை எங்கே பெய்கிறது என்று அது சொல்லிவிடும்.

மழையைப் பார்க்கும் ரேடாரால், அண்டார்டிகாவின் பனியையும் பார்க்க முடியுமா? முடியும்!

தப்பாகக் காட்டிய கருவி

விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை, ரேடியோ அலைகளைக் கீழே அனுப்பி அளக்கும் கருவி ஒன்று உண்டு. பனிப் பிரதேசங்களின் மேலே பறந்தபோது அந்தக் கருவி தப்பான உயரத்தைக் காட்டியது. ஏன் தெரியுமா? அலைகள் பனியின் மேலேயே திரும்பிவிடாமல், உள்ளே புகுந்து, அடியில் இருந்த பாறையில் பட்டுத் திரும்பின!

'அப்படியானால் பனியின் கனத்தையே அளக்கலாமே' என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டான் எவான்ஸ் என்பவர் இதற்கென்றே ஒரு ரேடார் கருவியை உருவாக்கினார்.

ஒரு சின்னக் கணக்கு. ரேடியோ அலை பனிக்குள் வினாடிக்குச் சுமார் 1,68,000 கி.மீ. வேகத்தில் செல்லும். அது போய்த் திரும்ப, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் 36 பங்கு நேரம் ஆனால், பனியின் கனம் எவ்வளவு? சுமார் 3 கி.மீ.! போய் வந்த தூரம் என்பதால், இரண்டால் வகுக்க மறந்துவிடாதீர்கள்.

இந்த முறையில்தான் அண்டார்டிகாவில் வோஸ்டாக் என்ற ஏரி இருப்பது தெரிய வந்தது. அதன் மேலே மூடியிருக்கும் பனியின் கனம் ஏறக்குறைய 4 கி.மீ. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரையுள்ள தூரத்தை அப்படியே செங்குத்தாக நிறுத்தியது போல!

இருட்டிலும் பார்க்கும் கண்

துருவங்களில் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே உதிக்காது. கேமராவுக்கு அங்கே வேலையில்லை. ரேடாருக்கோ வெளிச்சமும் வேண்டாம், மேகமும் தடையில்லை.

2025 ஜூலை 30-ம் தேதி மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நிசார்' என்ற செயற்கைக்கோள் புறப்பட்டது. நம் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்தது இது. 12 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனாவைக் குடை போல விரித்தபடி, 747 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கும். நிலத்தின் மேலுள்ள பனி, தன் எடையாலேயே கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், அது எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

கடலில் மிதக்கும் பனியையும் ரேடார் காட்டும். வழவழப்பான பனி அலைகளை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கரடுமுரடான பனி வெளுப்பாகத் தெரியும். அண்டார்டிகாவிலுள்ள மைத்ரி, பாரதி ஆகிய நம் ஆய்வு நிலையங்களுக்குச் செல்வது போன்ற பயணங்களில், பனிக்கு நடுவே வழி தேட இப்படிப்பட்ட படங்கள் உதவுகின்றன.

நமக்கு என்ன?

இரண்டு டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் பனிக்கட்டியைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மேலே டீ வடிகட்டியில் பனிக்கட்டியை வையுங்கள். இரண்டும் உருகட்டும். முதல் டம்ளர் வழியாது. இரண்டாவது வழியும்!

கடலில் மிதக்கும் பனி முதல் டம்ளர் போல. நிலத்தின் மேலுள்ள பனி இரண்டாவது டம்ளர் போல. அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். அது நம் காலத்தில் நடக்காது. ஆனால் பனி உருகுவதாலும், கடல்நீர் சூடாகி விரிவதாலும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் மழைநீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளத்தில் கடலை அடைகிறது. கடல் உயர்ந்தால் இந்தத் தண்ணீர் வடிய அதிக நேரமாகும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று உங்கள் அப்பா, அம்மாவைக் கேளுங்கள். அப்போது புரியும், எங்கோ இருக்கும் பனியை ஏன் இத்தனை கவனமாக அளக்கிறார்கள் என்று!

டம்ளர் சோதனையை இன்றே செய்து பாருங்கள், குழந்தைகளே. தம்பி, தங்கைக்கும் காட்டி, காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள்.