கரட் இலை போல ஒரு செடி

கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்பவரா நீங்கள்? மாரி மழை விழுந்ததும் வேலியோரத்திலோ கிணற்றடியிலோ, கரட் இலை போலப் பிளந்த இலைகளோடு ஒரு செடி தலைகாட்டினால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது பார்த்தீனியமாக இருக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது? முதலில் இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரியும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பிக் கிளைக்கும்; சிலவேளை ஆளுயரத்துக்கும் போகும். நுனியெல்லாம் வெள்ளைப் பூ. ஒவ்வொன்றும் மிளகளவுதான்.

எங்கிருந்து வந்தது? ஊர் மெக்சிக்கோப் பக்கம். இலங்கையில் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987இல் வந்த இந்திய அமைதிப் படையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். அது எப்படியோ போகட்டும், இன்று அதை ஊர் ஊராகக் கொண்டு திரிவது லொறி டயரும் சாக்கும் மாட்டெருவும்தான்.

ஒரு பருவச் செடிதானே, தானாகச் செத்துவிடாதா? சாகும். ஆனால் முளைத்து ஒரு மாதமளவில் பூக்கத் தொடங்கிவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போட்டுவிட்டுத்தான் சாகும். மண்ணில் புதைந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இந்த மணலிலும் வெயிலிலும் பிழைக்குமா? களிமண்தான் அதற்கு அதிகம் பிடிக்கும். ஆனாலும் மற்ற மண்ணை வேண்டாம் என்பதில்லை. திறந்த வெளியும் ஈரமும் இருந்தால் போதும். தரிசு நிலத்தில் மழை நின்றதும் அதன் ஆட்டம் அடங்கும். உங்கள் தோட்டம் அப்படியில்லையே! நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் கிணற்றுத் தண்ணீரை ஸ்பிரிங்ளரில் அடித்து வெங்காயம், மிளகாய், பீட்ரூட் என்று மாற்றி மாற்றிச் செய்கிறீர்கள். கோடையிலும் அதற்கு மழை கிடைத்துவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. ஸ்பிரிங்ளர் நனைக்கும் எல்லையை ஆண்டு முழுக்கப் பார்க்க வேண்டும்.

என்ன கெடுதல்? அதிலுள்ள பார்த்தெனின் (செடியே சுரக்கும் ஒரு நச்சுப்பொருள்) பக்கத்துப் பயிரின் முளைப்பைக் கெடுக்கும். மாடு தின்றால் பாலில் கசப்பேறும். தொடுபவருக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் வரலாம். பல காலம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென ஒவ்வாமை (உடலுக்கு ஒத்துக்கொள்ளாமை) பிடிப்பதும் உண்டு. ‘எனக்கு ஒன்றும் செய்யாது’ என்று வெறுங்கையால் பிடுங்காதீர்கள்.

எப்போது பிடுங்குவது? பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு. கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பூக்காத செடியைக் கூட்டெருவுக்குப் போடலாம். பூத்துவிட்டதா? நின்ற இடத்திலேயே சாக்கால் மூடிக் கட்டிப் பிடுங்கி, ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

உப்புத்தண்ணீர் அடிக்கலாமா? இந்தியாவில் தெருவோரங்களில் அடிக்கிறார்கள். இங்கே வேண்டவே வேண்டாம். மணலில் ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் பயிருக்கு இறைக்கிறீர்கள், குடிக்கவும் செய்கிறீர்கள். களைநாசினிக்கும் இதே பயம் உண்டு. விவசாயப் போதனாசிரியரைக் கேட்காமல் எதையும் தெளிக்காதீர்கள். செடியைக் கண்டாலும் அவரிடமே சொல்லுங்கள்; 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட களை இது.

வெளியூர் எரு வாங்குகிறீர்களா? வந்தவுடன் தோட்டமெங்கும் பரப்பாதீர்கள். ஒரு மூலையில் சிறிதளவு பரப்பித் தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று கிழமை என்ன முளைக்கிறதென்று பாருங்கள்.